பொங்கலுக்கு நெல்லைக்குச் சின்னப் பிள்ளைகளோடு: வாகைக்குளமா, மதுரையா, திருவனந்தபுரமா, ரயிலா?

விமான டிக்கெட்டில் ஒன்றரை மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். சென்னையில் வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து பாளையங்கோட்டையில் ஆச்சி வீட்டு நடையில் செருப்பைக் கழற்றும் வரை எண்ணிப் பாருங்கள். பண்டிகை நெரிசலில் மீனம்பாக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரம். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி போடும் கவுண்டர் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும் என்பதால், பிள்ளைகளோடு போகிறவர்கள் இரண்டு மணி நேரம் முன்னதாக உள்ளே இருந்தாக வேண்டும். பறப்பது ஒன்றரை மணி, பெட்டி கைக்கு வர அரை மணி. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்திலிருந்து பாளையங்கோட்டை 30 கிலோமீட்டர் சொச்சம், அதற்கு முக்கால் மணி. ஆக மொத்தம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதே கணக்கில் மதுரை வழி எட்டு மணி நேரம் பிடிக்கும். திருவனந்தபுரம் வழி ஒன்பது. பகலில் ஓடும் வந்தே பாரத் பத்து. இரவு ரயிலான நெல்லை எக்ஸ்பிரஸ் பன்னிரண்டரை. ஆனால் அந்தப் பன்னிரண்டரையில் எட்டு மணி நேரம் பிள்ளை தூங்கிவிடும். விழித்திருக்கும் நேரம் நாலரை மணிதான், அது விமானத்தைவிடக் குறைவு. சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான். அடுத்த எண், எத்தனை முறை தூக்கி இறக்குகிறோம் என்பது. ரயிலில் கார், நடைமேடை, பெட்டி, மறுபடி நடைமேடை, ஆட்டோ, அவ்வளவே. விமானத்தில் கார், தள்ளுவண்டி, பாதுகாப்புச் சோதனை, பேருந்து, படி, இருக்கை, மறுபடி படி, பெட்டி வரும் பெல்ட், மறுபடி கார். இதில் சோதனைதான் பெரும்பாடு. ஸ்ட்ரோலரை மடித்து எக்ஸ்ரேயில் விட வேண்டும், பிள்ளையைக் கையில் தூக்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை தனித்தனி. எந்தப் பிள்ளை யாரோடு, பால் பை யார் கையில் என்பதை வரிசையில் நிற்கும்முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வயதுதான் விலையைத் தீர்மானிக்கிறது

விமானத்தில் 2 வயது நிறையும் வரை மடியில் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு சிறு கட்டணம். 2 நிறைந்த நாளிலிருந்து தனி இருக்கை, ஏறக்குறைய பெரியவர் கட்டணம். ரயிலில் 5 வயது நிறையாத பிள்ளைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 12 நிறையும் வரை பெர்த் இல்லாமல் அரை டிக்கெட், பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட். வந்தே பாரத் போன்ற சேர் கார் வண்டிகளில் அந்த அரை டிக்கெட் வசதி கிடையாது, 5 வயதுக்கு மேல் முழுக் கட்டணம்தான்.

இந்த இரண்டு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். 2 வயதுக்கும் 5 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக்குத்தான் விமானம் அதிகம் கடிக்கும். அப்பா, அம்மா, 3 வயதில் ஒன்று, 1 வயதில் ஒன்று என்றால் விமானத்தில் மூன்று முழு இருக்கையும் ஒரு மடிக்கட்டணமும். நெல்லை எக்ஸ்பிரஸில் சட்டப்படி இரண்டு பெர்த் போதும். பொங்கல் வாரத்தில் விமானக் கட்டணம் ஏறுகிற ஏற்றத்தில், அந்த மூன்றாவது இருக்கை ஒன்றின் விலைக்கே மொத்தக் குடும்பமும் ஏசியில் படுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்கிற நிலை சர்வசாதாரணம். 1 வயதில் ஒன்றே ஒன்று மட்டும் இருந்தால் விமானம் அந்த அளவுக்குச் சுடாது. இரண்டு பிள்ளையும் 5 வயதைத் தாண்டிவிட்டால் வித்தியாசம் கொஞ்சம் சுருங்கும், பிள்ளைகளும் தாங்களாகவே நடப்பார்கள்.

வயது கணக்கில் இன்னொரு வில்லங்கம் உண்டு. போகும்போது 1 வயது 11 மாதம், திரும்பும்போது 2 நிறைந்துவிட்டது என்றால் திரும்பும் டிக்கெட்டை மடிக்குழந்தையாகப் போட முடியாது. ஒவ்வொரு பயண நாளிலும் என்ன வயது என்றுதான் பார்ப்பார்கள். பிறப்புச் சான்றிதழோ குழந்தை ஆதாரோ கையில் இருக்கட்டும், போனில் ஒரு படமும் தாளில் ஒரு நகலும். போன் சார்ஜ் தீர்வது கவுண்டரில் நிற்கும்போதுதான்.

மடிக்குழந்தையை டிக்கெட் போடும்போதே சேர்த்துவிடுங்கள். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சில சமயம் இடம் இருக்காது, ஒரு விமானத்தில் இத்தனை மடிக்குழந்தைதான் என்று வரம்பு உண்டு. ஏர்பஸ் 320 வகையில் மூன்று இருக்கைக்கு மேலே நான்கு ஆக்ஸிஜன் முகமூடிதான் தொங்கும். அதனால் ஒரு பக்க வரிசைக்கு ஒரு மடிக்குழந்தை. அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு கைப்பிள்ளையோடு வந்தால் அடுத்தடுத்த இருக்கையில் உட்கார விடமாட்டார்கள், முன்பின் வரிசையாகக் கேளுங்கள். 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு அப்பா அம்மாவில் ஒருவர் பக்கத்தில் இடம் தரவேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே பிஎன்ஆரில் இருந்தால்தான் அது செல்லும். சலுகைக்காக அப்பா ஒரு டிக்கெட், அம்மாவும் பிள்ளைகளும் வேறு டிக்கெட் என்று பிரித்துப் போட்டால் அந்த உரிமை அப்பாவுக்கு இல்லை.

வாகைக்குளம்

நெல்லை டவுன், பாளையங்கோட்டை, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம், திருச்செந்தூர்ப் பக்கம் வீடு என்றால் விமானத்துக்கு முதல் தேர்வு இதுதான். முன்பு 1,350 மீட்டர் ஓடுதளம், புரொப்பெல்லர் விமானம் மட்டும் இறங்கும். இப்போது 3,115 மீட்டர். 17,340 சதுர மீட்டரில் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. காத்திருக்கும் இடத்தில் பிள்ளைகள் காலாற நடக்க இடம் இருக்கிறது, பழைய கட்டடத்தில் அதற்கு வழியே இல்லை.

டிக்கெட் போடும்போது விமான வகையைப் பாருங்கள். ஏடிஆர் 72 என்கிற சின்னப் புரொப்பெல்லர் விமானமாக இருந்தால் சில விஷயங்கள் மாறும். ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் இரண்டு என்று இருக்கை. பால் கொடுக்கும் தாய்க்கு இது வரம், ஜன்னலோரம் அவர், பக்கத்தில் கணவர், மூன்றாம் ஆள் கிடையாது. பின்கதவு வழியாக ஏறுவோம், கழிப்பறையும் பின்னால். இறக்கைக்கு நேராக உள்ள வரிசைகளில் புரொப்பெல்லர் சத்தம் காதைத் துளைக்கும், பின்வரிசை கொஞ்சம் அமைதி, முதலில் இறங்கவும் வசதி. தாழப் பறப்பதால் மழைக்காலத்து மேகத்தில் குலுக்கல் அதிகம். வாந்திப்பை முன்சீட்டுப் பையில் இருக்கிறதா என்று உட்கார்ந்ததும் பார்த்துவிடுங்கள்.

முக்கியமானது கைப்பை. ஏடிஆரில் தலைக்கு மேல் உள்ள அலமாரி சின்னது. 7 கிலோவுக்குள் இருந்தாலும் சக்கர டிராலியை விமானப் படியருகே வாங்கி வயிற்றுப் பகுதியில் போட்டுவிடுவார்கள். டயப்பர், பால் பவுடர், வெந்நீர் பிளாஸ்க், காய்ச்சல் மருந்து எல்லாம் அந்த டிராலிக்குள் இருந்தால் ஒன்றரை மணி நேரம் கையைப் பிசைந்துகொண்டு உட்கார வேண்டியதுதான். தோளில் மாட்டும் துணிப்பை ஒன்றில் இவற்றைத் தனியாக வையுங்கள். பால் பவுடரை ஒரு வேளைக்கு ஒரு பாட்டில் என்று உலர்வாக முன்பே அளந்து போட்டுவிட்டால் வெந்நீர் ஊற்றிக் குலுக்கினால் போதும். டயப்பர் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று, மேலே மூன்று. வாகைக்குளத்துக்கு ஆறு, திருவனந்தபுரம் வழி போனால் எட்டு.

இறங்கியபின் வண்டி. அங்கே டாக்ஸி வரிசையாக நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள், பண்டிகை நாளில் முன்பே சொல்லி வையுங்கள். வல்லநாட்டில் தாமிரபரணிப் பாலத்தில் அடிக்கடி பழுது வேலை நடக்கும். ஒரு பக்கத்தை அடைத்துவிட்டால் முக்கால் மணிப் பயணம் ஒன்றேகால் ஆகிவிடும். வாடகை வண்டியில் குழந்தை இருக்கை இருக்காது. கைப்பிள்ளையோடு முன்சீட்டில் மட்டும் உட்காராதீர்கள், ஏர்பேக் விரிந்தால் இடையில் இருப்பது பிள்ளை.

மதுரை

விமானங்கள் அதிகம், பெரியவை, கட்டணமும் பல நாள் குறைவு. ஒன்று ரத்தானால் அன்றே இன்னொன்றில் இடம் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இறங்கியபின் நெல்லைக்கு 150 கிலோமீட்டருக்கு மேல் நாற்கரச் சாலை, இரண்டரை முதல் மூன்று மணி நேரம். போகியன்றும் காணும் பொங்கலுக்கு மறுநாளும் எட்டூர்வட்டம், சாலைப்புதூர் டோல்களில் வண்டி வால் நீளும். விமானத்தில் சமத்தாக இருந்த பிள்ளை சாத்தூர் தாண்டும்போது தன் கணக்கைத் தீர்க்கும். கோவில்பட்டி, சங்கரன்கோவில்காரர்களுக்கு மதுரை சரி. தென்காசிப் பக்கமும் ராஜபாளையம் வழி வரலாம். நெல்லை டவுன்காரர்களுக்கு வாகைக்குளத்தில் இடம் கிடைக்காதபோது மட்டும். மதுரையில் இறங்கி ஜங்ஷன் போய் ரயில் பிடிக்கலாமே என்பார்கள். தூக்கி இறக்குவது இன்னும் நான்கு முறை கூடும், வேண்டாம்.

திருவனந்தபுரம்

நாகர்கோவில் வழி நெல்லைக்கு நான்கு மணி நேரம். பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம் என்று ஊருக்குள் புகுந்து புகுந்து வரவேண்டும், ஆரல்வாய்மொழி தாண்டினால்தான் சாலை விரியும். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு இது காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர், கூடங்குளம் வரைதான் பொருந்தும். செங்கோட்டைக்காரர்கள் தூரம் 100 கிலோமீட்டரை ஒட்டித்தானே என்று ஆரியங்காவு மலைப்பாதையைத் தேர்ந்தெடுப்பதுண்டு. வளைவுகளில் 3, 4 வயதுப் பிள்ளைகள் வாந்தி எடுக்காமல் தென்மலை தாண்டுவது அபூர்வம். புறப்பட ஒன்றரை மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டு, எண்ணெய்ப் பண்டம் தராமல், ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்கச் சொன்னால் கொஞ்சம் தாங்கும். போனில் கார்ட்டூன் காட்டினால் வாந்தி உறுதி.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கதையே வேறு. நேர் விமானத்தில் திருவனந்தபுரம் வந்துவிடுவதே மேல். சென்னையில் மாறி வாகைக்குளம் வரலாம் என்று பார்த்தால், முதலில் இறங்கும் ஊரில்தான் குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம். பெட்டிகளை எடுத்து உள்நாட்டு முனையத்தில் மறுபடி போட வேண்டும். அரைத்தூக்கத்தில் இருக்கும் இரண்டு பிள்ளைகளோடு அது ஆகிற காரியமில்லை. ஒரு எச்சரிக்கை. பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் ஓடுதளத்தைக் கடந்துதான் கடலுக்குப் போகும். பங்குனியிலும் ஐப்பசியிலும் ஆண்டுக்கு இரண்டு நாள் மாலையில் சில மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும். ஐப்பசி ஆராட்டு தீபாவளியை ஒட்டி வரக்கூடும், தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ரயில்

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும் (2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது). பொங்கல் தேதிக்கு நெல்லை எக்ஸ்பிரஸும் செங்கோட்டைக்கான பொதிகையும் நிமிடங்களில் தீரும். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் இணைத்து, பயணிகள் பெயர்களை முன்பே சேமித்து வைத்தவர்களுக்குத்தான் கிடைக்கும். வண்டி எழும்பூரிலா தாம்பரத்திலா ஏறவேண்டும் என்பதைப் புறப்படும் வாரத்தில் மறுபடி பாருங்கள்.

ஏசி மூன்றடுக்கில் எதிரெதிர் லோயர் இரண்டு கிடைத்தால் அம்மாவும் ஒரு பிள்ளையும் இங்கே, அப்பாவும் ஒரு பிள்ளையும் அங்கே. பிள்ளை சுவர்ப் பக்கம், நாம் வெளிப் பக்கம். 3 வயதுக்கு மேல் ஆகிவிட்டால் அந்தப் பெர்த்தில் இரண்டு பேர் புரள முடியாது. காசு போனாலும் பரவாயில்லை என்று மூன்றாவது பெர்த் எடுப்பதே நல்லது, அப்படி எடுத்தாலும் விமானத்தைவிட மலிவு. நடு பெர்த்தில் சேலைத் தொட்டில் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வண்டி திடீரென்று பிரேக் போடும்போது அந்தத் தொட்டில் நேராகப் போய் எதிர்க் கம்பியில் இடிக்கும். ஏசி விடியற்காலையில் குளிரும், காலுறையும் குல்லாவும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

2023 செப்டம்பர் முதல் ஓடும் வந்தே பாரத் பிற்பகல் எழும்பூரில் கிளம்பி இரவு பத்தரை வாக்கில் நெல்லை வரும். 6 வயதுக்கு மேல், படம் வரைவதும் ஜன்னல் பார்ப்பதுமாக உட்காரும் பிள்ளைக்குப் பொருந்தும். 2 வயதுப் பிள்ளையை எட்டு மணி நேரம் சேர் காரில் மடியில் வைத்திருப்பது வைத்திருப்பவருக்குத் தண்டனை. வண்டியில் தரும் சாப்பாடு காரமாக இருக்கும், தயிர்சாதமோ இட்லியோ கையில் கொண்டுபோங்கள். வாரத்தில் ஒரு நாள் ஓடாது, அதையும் பாருங்கள்.

ஆம்னி பஸ், சொந்தக் கார் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பண்டிகை இரவில் பெருங்களத்தூர் தொடங்கிப் பரனூர் டோல் வரை ஊர்வதற்கே பல மணி நேரம் போய்விடும், கழிப்பறை கிடையாது.

எங்கே சறுக்கும்

போகியன்று அதிகாலை விமானம் போடாதீர்கள். பழையன எரிக்கும் புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து சென்னை ஓடுதளத்தை மறைத்துவிடும். 2018 போகியன்று காலையில் வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. பத்து, பதினொரு மணிக்கு மேல் உள்ள விமானம் பாதுகாப்பு. வானிலையால் ரத்தானால் இழப்பீடு கிடையாது, மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தரவேண்டியது அவர்கள் கடமை. கேட்டால்தான் கிடைக்கும், பிள்ளைக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியபோது வாகைக்குளம் விமானங்களும் நின்றன, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. அந்த மாதிரி மழைக்கு எந்த வழியும் வழியல்ல. சாதாரண மழைக்கு, விமான டிக்கெட்டோடு இரவு ரயிலையும் போட்டு வைப்பது கைகொடுக்கும். முன்கூட்டியே ரத்து செய்தால் தலைக்குச் சில நூறு ரூபாய்க்குள்தான் போகும். வானிலை தெளிந்ததும் மூன்று நாள் முன்பே விட்டுவிடுங்கள், வெயிட்டிங் லிஸ்ட்டில் இன்னொரு கைப்பிள்ளைக்காரி காத்திருப்பாள்.

காதுவலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். வெளிக்காற்றின் அழுத்தம் கூடும்போது நடுக்காதுக்கும் தொண்டைக்கும் இடையே உள்ள குழாய் தானாகத் திறக்காது, விழுங்கினால் திறக்கும். அதனால் பால் முழுவதையும் ஏறும்போதே கொடுத்துத் தீர்த்துவிடாமல், தரையிறங்க அரை மணி இருக்கும்போது பாதிப் பாட்டிலைக் கொடுங்கள், தூங்கினாலும் எழுப்பி. பெரிய பிள்ளைக்குத் தண்ணீரை மடக்கு மடக்காகவோ செவ்வாழையைத் துண்டு துண்டாகவோ தரலாம். கடலைமிட்டாய் வேண்டாம், நாலு வயதுக்குக் கீழே தொண்டையில் அடைக்கும். அழுதால் அழட்டும், அழுகையிலும் அந்தக் குழாய் திறக்கும். சளியோ காதில் சீழோ இருந்தால் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். தூங்க வைக்கலாம் என்று சளி மருந்து கொடுப்பது தப்பு, சில பிள்ளைகள் அதில் தூங்காமல் ஆட்டம் போடும்.

திரும்பும்போது

ஊரிலிருந்து வரும் பெட்டிதான் கனக்கும். ஒரு இருக்கைக்கு 15 கிலோ என்றால் மூன்று இருக்கைக்கு 45, மடிக்குழந்தைக்குப் பெரும்பாலும் தனிக் கணக்கு இல்லை. அல்வா, கருப்பட்டி, முறுக்கு எல்லாம் பெட்டிக்குள். ஊறுகாய், நல்லெண்ணெய் கைப்பையில் போகாது. கொப்பரை எந்தப் பையிலும் கூடாது, எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்று எடுத்துவிடுவார்கள். முழுத் தேங்காயும் கைப்பையில் கூடாது. சபரிமலை சீசனில் இருமுடிக்கு மட்டும் விலக்குக் கொடுப்பதுண்டு, மாமியார் தோப்புத் தேங்காய்க்கு இல்லை. ஆச்சி கொடுத்த அரிவாள்மனையைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வையுங்கள். பவர் பேங்க் மட்டும் கைப்பையில். குழந்தைப் பாலுக்கும் வெந்நீருக்கும் உள்நாட்டில் தடையில்லை.

தீபாவளிக்கு வந்தவர்கள் ஆறேழு நாள் கழித்துத் திரும்புவதாக இருந்தால் அது திருச்செந்தூர் சூரசம்ஹார நாளாக இருக்கக்கூடும். தைப்பூசத்தை ஒட்டிப் பாதயாத்திரைக் கூட்டம் சாலையோரம் நடக்கும். அந்த நாட்களில் மதியம் 1 மணி விமானத்துக்குப் பாளையங்கோட்டையிலிருந்து காலை 10 மணிக்கே கிளம்பிவிடுங்கள். மற்ற நாளில் பத்தே கால் போதும்.